சிறு முதலீட்டாளருக்கு செபியின் பாதுகாப்பு எதுவரை?

இந்தியாவில் 2020 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை, 2025 மார்ச் இறுதியில் 19 கோடியைக் கடந்துவிட்டது. ஒருவரே இரண்டு, மூன்று கணக்குகள் வைத்திருப்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஐந்தே ஆண்டுகளில் கோடிக்கணக்கானோர் புதிதாகப் பங்குச் சந்தைக்குள் வந்திருக்கிறார்கள். தங்கம், நிலம், வங்கி வைப்பு ஆகியவற்றை மட்டுமே சேமிப்பு என்று கருதிவந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் இவர்களில் கணிசமானோர்.

சந்தை ஏறும்போது 'செபி இருக்கிறது, பார்த்துக்கொள்ளும்' என்பதும், பணம் போனபின் 'செபி என்ன செய்துகொண்டிருந்தது?' என்பதும் இவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியம் எனப்படும் செபி எதைக் காக்கக் கடமைப்பட்டது, எதைக் காக்காது என்பது தெளிவாகச் சொல்லப்படாததே இரண்டுக்கும் காரணம்.

வங்கியில் வைத்த பணத்துக்கு, அந்த வங்கி திவாலானாலும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்கு விலை சரிவுக்கு அப்படி எந்தக் காப்பீடும் கிடையாது. உலகின் எந்த நாட்டிலும் கிடையாது. நல்ல நிறுவனத்தின் பங்கை நேர்மையான சந்தையில் 500 ரூபாய்க்கு வாங்கி, அது 300 ரூபாய்க்கு இறங்கினால் அந்த நஷ்டம் வாங்கியவருடையது. நிறுவனம் தன் கணக்கில் பொய் சொல்லியிருந்தாலோ, தரகர் அந்தப் பங்கை எடுத்து அடகு வைத்திருந்தாலோ, யாரோ சிலர் கூடிச் செயற்கையாக விலையை ஏற்றியிருந்தாலோதான் செபியின் கடமை தொடங்குகிறது.

1992 வரை நிலைமை வேறு. மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1947-இன்கீழ், ஒரு நிறுவனம் மக்களிடம் எந்த விலையில் பங்கு விற்கலாம் என்பதை மத்திய நிதியமைச்சகத்தின் ஓர் அதிகாரியே தீர்மானித்தார். 1988 ஏப்ரலில் அரசாணை மூலம் உருவான செபிக்கு, 1992-இல் நாடாளுமன்றச் சட்டம் உயிர் கொடுத்தது. பழைய கட்டுப்பாட்டுச் சட்டம் அதே ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்ததும் அதே ஆண்டில்தான். முதலீட்டாளர் நலனைக் காப்பது, சந்தையை வளர்ப்பது, அதை ஒழுங்குபடுத்துவது என்ற மூன்று பணிகளைச் செபி சட்டத்தின் முகப்புரை குறிப்பிடுகிறது. அதில் முதலிடம் முதலீட்டாளர் பாதுகாப்புக்கே.

இந்த மாற்றத்தின் பொருளை உணர்ந்தவர்கள் குறைவு. விலை நியாயமானதா என்று அரசு இனிப் பார்க்காது. விற்பவர் எல்லா உண்மைகளையும் வெளியிட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும். ஒரு புதிய பங்கு வெளியீட்டுக்குச் செபி ஒப்புதல் தந்தது என்றால், 'இது வாங்கத் தகுந்தது' என்று அது சான்றளித்ததாகப் பொருளில்லை. அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது என்ற வாசகமே ஒவ்வொரு வெளியீட்டு ஆவணத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஆவணம் பல நூறு பக்கங்கள் கொண்டது என்பதால், அந்த வாசகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இதன் பின்னுள்ள பொருளியல் கருத்து எளிமையானது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எல்லாக் கார்களையும் சந்தேகத்தோடு பார்க்கும் வாங்குபவர் குறைந்த விலையே கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார்களே மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் கட்டுரையே அடிப்படை. பங்குச் சந்தைக்கு இது இன்னும் பொருந்தும். காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். பங்கை ஓட்டிப் பார்க்க வழியில்லை. எனவே, தகவலைக் கட்டாயமாக வெளியிடச் செய்வதே கட்டுப்பாட்டு அமைப்பின் அடித்தளம் ஆயிற்று.

ஆனால், தகவலை வெளியிடுவதும் எச்சரிப்பதும் மட்டுமே சிறு முதலீட்டாளரைக் காத்துவிடுமா? செபியின் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தைப் பார்த்தால், அது வேறொரு வழியில்தான் பெரிய வெற்றிகளைப் பெற்றிருக்கிறது. பணமும் பங்கும் ஓடும் குழாயையே மாற்றியமைத்தது அது.

புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்த காலத்தை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். காசோலையோடு விண்ணப்பம் போகும். பங்கு கிடைத்ததா, இல்லையா என்பது தெரிய வாரக்கணக்கில் ஆகும். கிடைக்காவிட்டால் பணம் திரும்பிவர மேலும் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தப் பணத்தின் வட்டி நிறுவனத்துக்கும் வங்கிக்கும். 2008-இல் செபி 'ஆஸ்பா' என்ற முறையைக் கொண்டுவந்தது. விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை முடக்கி மட்டும் வைக்கப்படும். பங்கு ஒதுக்கப்பட்டால்தான் வெளியேறும். 2016 ஜனவரி முதல் எல்லாப் பொது வெளியீடுகளுக்கும் இது கட்டாயம். பணத்தைத் திருப்பித் தரவில்லை என்ற ஒரு வகைப் புகார் இதனால் ஏறக்குறைய ஒழிந்தே போயிற்று. இதற்காக எந்த முதலீட்டாளரும் எந்தப் பயிலரங்குக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு கசப்பானது. ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி பங்குத் தரகு நிறுவனம், வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பொது அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளைத் தன் பங்குகள்போல வங்கிகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியது. சுமார் 95,000 வாடிக்கையாளர்களின் 2,300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பங்குகள் இதில் சிக்கின. 2019 நவம்பர் 22-இல் செபி தடை ஆணை பிறப்பித்தது. அடுத்த சில நாள்களில் பெரும்பாலான வாடிக்கையாளர்களின் பங்குகள் அவரவர் கணக்குக்கே திருப்பி மாற்றப்பட்டன. கடன் கொடுத்த வங்கிகள் இதை எதிர்த்து வழக்காடின.

அந்தத் தரகரைத் தண்டித்ததைவிட, அதன் பின்னர் நடந்ததே முக்கியம். 2020 செப்டம்பர் முதல், வாடிக்கையாளரின் பங்கு அவருடைய டிமேட் கணக்கிலேயே இருக்க, அவர் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லால் ஒப்புதல் தந்தால் மட்டுமே அடகு வைக்க முடியும் என்றாயிற்று. எல்லையற்ற பொது அதிகாரப் பத்திரத்துக்குப் பதிலாக, குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் அதிகாரம் தரும் ஆவணம் 2022-இல் வந்தது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும், வாங்கிய மறுநாளே கணக்குத் தீர்வு. ஆஸ்பா போலவே, அன்றாடப் பங்கு வாங்கலுக்கும் பணத்தைத் தரகரிடம் கொடுக்காமல் வங்கியிலேயே முடக்கிவைக்கும் வசதியை, பெரிய தரகு நிறுவனங்கள் 2025 பிப்ரவரி முதல் அளித்தாக வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்து, தரகர் கையில் நம் பணமும் பங்கும் தங்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டன.

இனி எச்சரிக்கையின் கதைக்கு வருவோம். 'பரஸ்பர நிதி முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உள்பட்டவை' என்ற வாசகம் தொலைக்காட்சியில் மூச்சு விடாமல் ஒப்பிக்கப்படுவது ஒரு காலத்தில் நகைப்புக்குரியதாக இருந்தது. 2008-இல் செபி, அந்த வாசகம் குறைந்தது 5 விநாடிகள் ஒலிக்க வேண்டும் என்று விதிக்க வேண்டியதாயிற்று. எச்சரிக்கை சொல்லப்பட்டதா என்பதைக் கடிகாரம் வைத்து அளக்கலாம்; அது மனதில் பதிந்ததா என்பதை அளக்க அந்தக் கடிகாரம் உதவாது.

இதற்கு உரைகல்லாக அமைந்தது, 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் முன்பேர, விருப்புரிமை வணிகம். பங்கை வாங்காமலேயே, அதன் விலையோ குறியீட்டெண்ணோ எந்தப் பக்கம் நகரும் என்று ஒப்பந்தம் செய்துகொள்வது இது. ஒரு தொழிலதிபரோ, பெரிய நிதியமோ விலை மாற்றத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இது பயன்படும். சிறு முதலீட்டாளர் இதில் ஈடுபடுவது பெரும்பாலும் ஊகத்துக்காகவே. ஒருவரின் லாபம் இங்கே இன்னொருவரின் நஷ்டம். தரகும் வரியும் கழிந்தபின் ஆட்டக்காரர்கள் எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் விடை பூஜ்யத்துக்குக் கீழேதான் வரும்.

2021-22 நிதியாண்டில் இந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 10 பேரில் 9 பேர் பணம் இழந்தனர் என்று செபியின் ஆய்வு கண்டறிந்தது. 2023 ஜூலை முதல், ஒவ்வொரு தரகு நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும், வாடிக்கையாளர் உள்நுழையும்போதே இந்த உண்மை அவர் கண்முன் காட்டப்பட வேண்டும் என்று அது ஆணையிட்டது. இதைவிடத் தெளிவான, நேர்மையான எச்சரிக்கை இருக்க முடியாது.

விளைவு? 2021-22-இல் 51 லட்சமாக இருந்த தனிநபர் வணிகர்களின் எண்ணிக்கை 2023-24-இல் 96 லட்சமாகப் பெருகியது. மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் இறங்க, அவர்களில் 93 சதவீதத்தினர் சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இதில் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் தரகு, வரி, கட்டணம் ஆகியவற்றுக்கே போயிற்று. 2023-24-இல் இவ்வணிகத்தில் ஈடுபட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் கீழ் என்று தெரிவித்தவர்கள். 43 சதவீதத்தினர் 30 வயதுக்கு உள்பட்டவர்கள். லாபமோ, கணினி நிரல்கள் கொண்டு நொடிக்குள் வணிகம் செய்யும் பெரு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டமடைந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மூன்றாவது ஆண்டும் விடாமல் தொடர்ந்தனர்.

நிகழ்தகவுக் கணக்கை வகுப்பில் பிழையின்றிச் செய்யும் மாணவர்கள்கூட, 'அந்தப் பத்தாவது ஆள் நான்தான்' என்று நம்புவதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். 10-இல் 9 என்ற விகிதம் அறிவுக்கு எட்டுகிறது. தன்னைப் பற்றிய கணிப்பை அது அசைப்பதில்லை.

கடைசியில் 2024 அக்டோபரில் செபி விதிகளிலேயே கை வைத்தது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாரத்தின் எல்லா நாள்களிலும் ஏதாவதொரு குறியீட்டெண் ஒப்பந்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நிலை மாறி, ஒரு பங்குச் சந்தைக்கு ஒரு வாராந்திர ஒப்பந்தம் மட்டும் என்றாயிற்று. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரையிலான காலத்தில் தனிநபர் வணிகர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் குறைந்தது. ஆயினும், 2024-25 முழு ஆண்டுக்கான தனிநபர் நிகர நஷ்டம் 1.05 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. 91 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். பாதி ஆண்டு பழைய விதியில் கழிந்தது என்பது ஒரு காரணம் எனினும், மருந்தின் அளவு போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் செபியின் வேலிக்குள் நடப்பவை. சிறு சேமிப்பாளர் மிக மோசமாக ஏமாறுவது வேலிக்கு வெளியே. தமிழகத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1990-களில் தேக்கு மரத் திட்டங்கள் நாடெங்கும் பணம் திரட்டின; சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-இல் சரிந்தது. மரம், நிலம் என்ற பெயரில் பலரிடம் பணம் வாங்கி ஒருவரே நிர்வகிக்கும் திட்டங்கள் 'கூட்டு முதலீட்டுத் திட்டம்' என்ற வரையறைக்குள் வந்து, 1999-இல் செபியின் பதிவு கட்டாயமாயிற்று. வைப்புத் தொகை மோசடிக்கென்றே 1997-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னும் 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி வந்தது. அண்மையில் மாதந்தோறும் 25 சதவீதத்துக்கும் மேல் வட்டி என்ற விளம்பரங்கள் வந்தன. 2019-இல் மத்திய அரசு, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களையே தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது.

ஏமாந்தவருக்கு இதில் ஏற்படும் குழப்பம் இயல்பானது. வங்கி சாரா நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கி. சீட்டு நிறுவனம் என்றால் மாநில அரசின் பதிவுத் துறை. பங்கு, கடன் பத்திரம், பரஸ்பர நிதி என்றால் செபி. எதிலும் பதிவு பெறாத திட்டம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறை. பணம் திரட்டுபவர்களுக்கு இந்த எல்லைகள் மிக நன்றாகத் தெரியும். சஹாரா குழுமத்தின் இரு நிறுவனங்கள், தாங்கள் விற்ற கடன் பத்திரங்கள் தனிப்பட்ட ஒதுக்கீடுதான், செபிக்கு இதில் அதிகாரமில்லை என்று வாதாடின. ஆனால், பணம் கொடுத்தவர்கள் என்று அவை காட்டிய எண்ணிக்கையோ ஏறத்தாழ 3 கோடி! 2012 ஆகஸ்ட் 31-இல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்து, 24,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை வட்டியோடு திருப்பித் தர ஆணையிட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2023 மார்ச் வரை, செபி வழியாக முதலீட்டாளர்களின் கைக்குப் போனது சுமார் 138 கோடி ரூபாய். அந்த முதலீட்டாளர்கள் எல்லோரும் உண்மையில் இருப்பவர்கள்தானா என்ற ஐயத்தை நீதிமன்றமே எழுப்பியது உண்மை. ஆனால், ரசீதைத் தொலைத்த, விளம்பரத்தைப் பார்க்காத ஏழைகளும் அதில் இருந்திருப்பார்கள்.

இன்று மோசடியின் இடம் வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களுக்கு மாறியிருக்கிறது. பெரிய தரகு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் ஒட்டிய போலிச் செயலியில் பணம் நாள்தோறும் பெருகுவதாகக் காட்டுவார்கள். எடுக்கப் போனால் 'வரி கட்டுங்கள்' என்பார்கள். இங்கே உண்மையில் பங்கு வாங்கப்படவே இல்லை என்பதால், செபியின் குழாய்ச் சீர்திருத்தம் எதுவும் உதவாது. விழிப்புணர்வுக் கல்வியின் முழு வேலையும் இந்த இடத்தில்தான். அது கற்பிக்க வேண்டியதும் மிகக் குறைவு. பதிவு பெற்ற தரகரின் எண் 'ஐஎன்இசட்' என்ற எழுத்துகளிலும், முதலீட்டு ஆலோசகரின் எண் 'ஐஎன்ஏ' என்றும், ஆய்வாளரின் எண் 'ஐஎன்ஹெச்' என்றும் தொடங்கும். அந்த எண்ணைச் செபியின் இணையதளத்தில் நாமே தேடிப் பார்க்க வேண்டும். அவர்கள் அனுப்பும் சான்றிதழ்ப் படம் செல்லாது. 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்றவர்களின் யுபிஐ முகவரியில் 'வேலிட்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் சின்னம் தெரியும். தனிநபரின் சேமிப்புக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அது எந்தப் பெரிய பெயரில் வந்தாலும் முதலீடு அல்ல.

பதிவு பெற்றவரிடமே குறை இருந்தால், முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார். பதில் திருப்தி தராவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம். 2011-இல் தொடங்கி 2024-இல் புதுப்பிக்கப்பட்ட இத்தளத்தில் பதிவாகும் புகாருக்கு, நிறுவனம் 21 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். ஏற்க முடியாவிட்டால் 15 நாள்களுக்குள் மறுஆய்வு கோரலாம். அதன்பின் செபியிடமே இரண்டாவது மறுஆய்வு. சமரசம், நடுவர் தீர்ப்பு ஆகியவற்றுக்கு 2023-இல் தனி இணையவழி அமைப்பு வந்திருக்கிறது. பலர் தவறவிடும் விதி ஒன்று உண்டு: பிரச்னை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஸ்கோர்ஸில் புகார் செய்ய வேண்டும். 'அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்' என்று தரகர் இழுத்தடிப்பதற்கு இந்தக் காலக்கெடுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செபி 2025-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, 63 சதவீதக் குடும்பங்கள் ஏதாவதொரு சந்தை முதலீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கின்றன. முதலீடு செய்திருப்பவை 9.5 சதவீதமே. எஞ்சியோர் இனி வருவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் சிந்திப்பவர்கள் அல்லர்.

இந்த இடத்தில்தான் செபியின் மீது எனக்குப் பெருங்குறை. தகவல் வெளியீடே பாதுகாப்பின் அடித்தளம் என்று சொல்லும் அமைப்பு, அந்தத் தகவல் எந்த மொழியில் போய்ச் சேருகிறது என்பதில் போதிய அக்கறை காட்டவில்லை. செபியின் நிதிக் கல்விக் கையேடு தமிழில் கிடைக்கிறது. அது பொதுப் பாடம். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் அபாயங்கள் என்னென்ன என்று சொல்லும் ஆவணம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பல நூறு பக்கங்களை யாரும் படிப்பதில்லை என்பதை உணர்ந்து, அதன் சாரத்தைச் சுமார் 10 நிமிடக் காணொலியாக வெளியிட வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் செபி கட்டாயமாக்கியது. நல்ல யோசனை. ஆனால், கட்டாயமான மொழிகள் ஆங்கிலமும் ஹிந்தியும் மட்டுமே. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் திரட்டும் நிறுவனத்துக்கு, 10 நிமிடக் காணொலியைத் தமிழ், தெலுங்கு, வங்கம், மராத்தி ஆகிய மொழிகளிலும் தயாரிக்க ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல.

பங்கு வெளியீட்டு விளம்பரத்துக்கும் ஒரு மொழி விதி இருக்கிறது. ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு ஹிந்தி நாளிதழ், நிறுவனத்தின் பதிவு அலுவலகம் உள்ள இடத்தின் மொழியில் ஒரு நாளிதழ் ஆகியவற்றில் அது வர வேண்டும். பதிவு அலுவலகம் மும்பையில் இருந்தால் அந்த மூன்றாவது விளம்பரம் மராத்தியில் வெளியாகும். மதுரையில் அமர்ந்து கைப்பேசியில் அந்தப் பங்குக்கு விண்ணப்பிப்பவருக்குத் தமிழில் எதுவும் வராது. பங்கு வாங்க மும்பைக்குப் போக வேண்டியிருந்த நாளின் மிச்சம் அந்த விதி. அதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. செபியின் வாரியக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.